பால் மறக்கும் பருவமும் நமது சங்கங்களும்

நமது சங்கங்களின் மாதக் கூட்டங்களில் நூல் விலையைப் பற்றிப் பேசுகிறோம்; தள்ளுபடிப் பாக்கி வந்து சேராமையைப் பற்றிப் பேசுகிறோம்; விதைக்கடலையின் தரம், உரம், கடன் தவணை ஆகியவற்றைப் பற்றி மணிக்கணக்கில் வாதம் புரிகிறோம். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும், அங்கத்தினர் ஒவ்வொருவருடைய இல்லத்திலும் ஏதேனும் ஒரு காலத்தில் நேர்ந்தே தீரும் ஒரு காரியத்தைப் பற்றி நமது நடவடிக்கைப் புத்தகங்களில் ஒரு வரியேனும் காண்பது அரிது. தாய்ப்பால் ஒன்றையே உண்டு வந்த சிசு, கஞ்சியும் சோறும் பருப்பும் உண்ணத் தொடங்கும் பருவத்தையே குறிப்பிடுகிறேன். "இது பெண்டிர் காரியம், சங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று அங்கத்தினர் சிலர் கேட்கக் கூடும். சம்பந்தம் உண்டு என்பதும், அது சிறிய சம்பந்தமன்று என்பதும் எனது அபிப்பிராயம்.

முதலில் சொல்லைப் பற்றியே ஒரு வார்த்தை. நம் பக்கத்துக் கிராமங்களில் "பால் மறக்கடித்தல்" என்பார்கள். மார்பில் வேப்பெண்ணெயைத் தடவிக் கொள்வதும், வேப்பிலையை அரைத்துப் பூசுவதும், நாலைந்து நாள் பிள்ளையை அம்மாச்சி வீட்டில் விட்டு வைப்பதும் அதற்கு வழிகள். இச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் தோன்றுவது ஒருநாட் காரியம்: நேற்று வரை பால், இன்று முதல் சோறு. வைத்திய நூலார் இன்று கூறுவது அதுவன்று. பிறந்து ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை. ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு பிற ஆகாரமும் தொடங்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இரண்டு வயது வரையிலும், விரும்பினால் அதற்கு மேலும் நடைபெறலாம். ஆக, ஆகாரத்தைத் தொடங்குவது ஒரு காரியம். பாலை நிறுத்துவது மற்றொரு காரியம். இரண்டுக்கும் இடையே ஒன்றரை ஆண்டு இருக்கிறது. நமது பேச்சு வழக்கிலோ பின்னதற்கு மட்டுமே பெயர் உண்டு. முன்னதற்குக் கோயிலில் சோறூட்டும் சடங்கு ஒன்று இருக்கிறது. சடங்கு முடிந்த மறுநாள் என்ன ஊட்டுவது, எத்தனை முறை ஊட்டுவது என்பதற்கு எந்த ஏற்பாடும் கிடையாது.

இந்த ஆறு மாதக் கணக்கும் பழைய கணக்கன்று. உலக சுகாதார சபை இதனை உறுதியாக ஏற்றுக்கொண்டது 2001-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பிற ஆகாரம் தொடங்கலாம் என்றே வைத்தியர்கள் சொல்லி வந்தார்கள். ஆகவே, "நாலு மாசத்திலேயே குடுக்கலாம்னு அன்னைக்கு நர்சம்மாதான் சொன்னாக" என்று ஓர் அப்பத்தா இன்று கூறுவாராயின், அவர் பொய் சொல்லவில்லை. சாஸ்திரம் மாறியது, மாறிய செய்தி மருமகளுக்குச் சொல்லப்பட்டது, மாமியாருக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டில் தீர்மானம் செய்பவர் மாமியாராகவே பெரும்பாலும் இருக்கையில், மருமகளை மட்டும் அழைத்து உபதேசம் செய்வதில் பயன் என்ன இருக்க முடியும்?

படித்தவர்கள் கூடும் இடங்களில் இவ்விஷயம் எழுமாயின், "கிராமத்துத் தாய்மார்களின் அறியாமை" என்ற ஒரே சொல்லில் அதை முடித்து விடுகிறார்கள். எனக்கு அது சம்மதமன்று. நமது புதுக்கோட்டை ஜில்லாவின் பெண்களைப் பற்றி அவ்வாறு பேசுவோர் அண்மைக் காலச் சரித்திரத்தையே மறந்து பேசுகிறார்கள். இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் எனப் புகழ் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்தது இந்த ஊரில். ஆண்களுக்கே உரியதாயிருந்த மகாராஜா கல்லூரியில் பயின்றதும் இங்கேதான். 1991-இல் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராயிருந்தபோது அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் இரவில் எழுத்துப் பயின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு, தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் தாமே ஏற்றிச் சென்றார்கள். அன்று சைக்கிள் கற்றவர்களின் பெண்களே இன்றைய தாய்மார்கள். தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியிலேயே நிகழ்கின்றன. ஆறு மாதம் என்ற கணக்கை எந்த அங்கன்வாடிச் சுவரிலும் காணலாம். பெரும்பாலான தாய்மார்கள் கேட்டவுடன் சொல்லியும் விடுவார்கள்.

ஆனால், கணக்கு தெரிந்திருப்பது வேறு. கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பது வேறு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் போதுமான ஆகாரம் பெறுவோர் நூற்றுக்கு 11 பேரே. பல துறைகளில் முன் நிற்பதாக நாம் பெருமை கொள்ளும் தமிழ்நாட்டிலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை. பிறக்கும்போது குழந்தை தாயிடமிருந்து கொண்டுவரும் இரும்புச் சத்து ஏறத்தாழ ஆறு மாதத்துக்கே வரும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. சேமிப்பு தீர்ந்த இடத்தில் புதிய வரவு இல்லையென்றால் கணக்கு நஷ்டத்தில் முடியும் என்பதைச் சங்கத்து அங்கத்தினருக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

கிண்ணத்தைச் சற்று உற்றுப் பார்ப்போம். பிள்ளைக்கு முதலில் கொடுப்பது என்ன என்று கேட்டால் நம்மில் பலர் வீட்டில் வரும் பதில் "கஞ்சித் தண்ணி" என்பதாகும். சோறு வடித்த நீர், அல்லது நீராகக் கரைத்த அரிசிக் கஞ்சி. அது இளம் வயிற்றுக்கு இலகுவானது என்பது நம்பிக்கை. இலகுவானதுதான், அதில் ஒன்றும் இல்லாமையால் இலகுவாயிருக்கிறது. 100 மில்லி தாய்ப்பாலில் ஏறத்தாழ 65 முதல் 70 கலோரி சக்தி உண்டு. 100 மில்லி நீர்க்கஞ்சியில் ஐந்தாறு கிராம் அரிசிக்கு மேல் இராது. அதிலிருந்து கிடைப்பது 20 கலோரி சொச்சம். எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்ளக் கூடியது 240 மில்லி, அதாவது ஒரு டம்ளர். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேற்பட்டு நாளொன்றுக்கு வேண்டிய சக்தி சுமார் 200 கலோரி. இதனை நீர்க்கஞ்சியால் பெறுவதாயின் ஒரு லிட்டர் குடிக்க வேண்டும். நான்கு முறை வயிறு நிறையக் கஞ்சியைக் குடித்த குழந்தை பால் எங்கே குடிக்கும்? 70 கலோரிப் பண்டத்தைத் தள்ளிவிட்டு 20 கலோரிப் பண்டத்தை அவ்விடத்தில் வைக்கிறோம். குழந்தை அழாது, வயிறு நிறைந்திருக்கிறது அன்றோ? மெலிந்து கொண்டே போகும், அவ்வளவுதான். ஒன்பது மாதத்துக்கு மேல் தேவை 300 கலோரியாகிறது. ஒரு வயதுக்கு மேல் 550.

கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் ஒட்டி நிற்கும் பதமே சரியான பதம். குழைந்த சோறும் பருப்பும் சேர்த்து மசித்து, அதில் ஒரு சிறு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டால், அந்த எண்ணெய் மட்டுமே 45 கலோரி தருகிறது. இதற்குக் கடைக்குச் செல்ல வேண்டுவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஆக்கிய சோற்றிலிருந்து காரம் சேர்க்கும் முன் ஒரு பிடி எடுத்து வைத்தால் போதும்.

ஏன் எடுத்து வைப்பதில்லை? இங்கேதான் எண்ணங்களும் நம்பிக்கைகளும் குறுக்கே வருகின்றன. பருப்பு மாந்தம் செய்யும், முட்டை சூடு, வாழைப்பழமும் கீரையும் சளி பிடிக்கச் செய்யும், மீனும் ஈரலும் பல் முளைத்த பின்பே ஆகும். இவற்றை நகைப்பது எளிது. எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. சுத்தமான தண்ணீரும், மருந்தும், வைத்தியரும் இல்லாத காலத்தில், புதிய ஆகாரம் உண்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து இறந்ததைக் கண்ணால் கண்ட தலைமுறையினர் ஏற்படுத்திய காவல்கள் இவை. ஆகாரத்தில் குற்றமில்லை, ஆகாரத்தோடு சென்ற கிருமியில் குற்றம் என்று அவர்கள் அறிய வழியில்லை. இக்காலத்தில் அக்காவல் பயிரைக் காப்பதை விட்டு, பயிர் வளரும் இடத்தையே அடைத்துக் கொண்டு நிற்கிறது. ஒரு புதுப் பண்டத்தைச் சிறு அளவில் தொடங்கி, மூன்று நாள் பார்த்து, பின்பு கூட்டுவது என்ற வழக்கம் நம் பாட்டிமார்களிடமும் உண்டு. வைத்தியர்களும் அதையே கூறுகிறார்கள். அந்த வழக்கத்தைக் கொண்டே பருப்பையும் முட்டையையும் உள்ளே அழைத்து வரலாம். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடற்கரையையே உடைய ஜில்லாவில், முள் நீக்கி மசித்த மீன் ஒரு துண்டு குழந்தையின் வாய்க்கு எட்டாமலிருப்பது விசித்திரமே. முருங்கை இல்லாத கொல்லையும் இங்கே அபூர்வம்.

தீங்கென்றே சொல்லத்தக்க வழக்கங்களும் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது உபசாரமாகாது. சீம்பாலைப் பீய்ச்சி எறிவது ஒன்று. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது ஒன்று. கழுதைப் பால் ஊட்டுவதற்குத் தெருத்தெருவாக விற்பவரை அழைப்பது மற்றொன்று. அந்தச் சங்கில் எத்தனை குழந்தைகள் வாய் வைத்தனவோ, யார் அறிவார்? இவற்றிலும் கொடியது, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குப் பத்தியம் என்று ஆகாரத்தை நிறுத்தி விடுவது. நோயில் இழந்ததை ஈடு செய்யவே கூடுதலாக ஆகாரம் வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த உயிர்காக்கும் கரைசலைக் கொடுத்துக் கொண்டே, பாலையும் சோற்றையும் சிறிது சிறிதாக ஊட்டி வருவதே முறை.

நீர்க்கஞ்சிக்கு அடுத்தபடியாக இன்று கிராமங்களில் புகுந்துள்ளது பிஸ்கட். தேநீரில் தோய்த்த வர்க்கியையும் பிஸ்கட்டையும் குழந்தைக்குக் கொடுப்பது நாகரிகம் என்றே ஆகிவிட்டது. தேநீர் இரும்புச் சத்தை உடல் ஏற்காமல் தடுப்பது. பிஸ்கட் மாவும் சீனியுமே. ஐந்து ரூபாய்க்குக் கைக்கு வருகிறது, ஆக்க வேண்டியதில்லை, குழந்தை தானே பிடித்துக் கொள்கிறது. இம்மூன்று காரணங்களையும் நன்றாக மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். ஏனெனில் தாய் இல்லாத வேளையில் குழந்தையை வைத்திருக்கும் எட்டு வயது அக்காளுக்கும், கண் மங்கிய அப்பத்தாவுக்கும் இம்மூன்றும்தான் துணை.

உலகில் இப்பருவத்தின் அபாயத்தைக் கூர்ந்து கண்டவர்களுள் முதன்மையானவர் ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர். இன்று கானா எனப்படும் தங்கக் கடற்கரை நாட்டில் அவர் பணிபுரிந்தபோது, உடல் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் செம்பட்டையாகிக் கிடந்த குழந்தைகளைக் கண்டார். அந்நாட்டுத் தாய்மாரைக் கேட்டார். அவர்கள் அந்நோய்க்கு வைத்திருந்த பெயர் "குவாஷியோர்கர்". அடுத்த குழந்தை பிறந்ததும் மடியிலிருந்து இறக்கப்பட்ட குழந்தைக்கு வருவது என்பது அப்பெயரின் கருத்து. 1930-களில் அவர் வைத்தியப் பத்திரிகையில் எழுதியபோது அப்பெயரையே எடுத்தாண்டார். நோயின் காரணம் தாய்மார் வைத்த பெயரிலேயே அடங்கியிருந்தது; பெரிய வைத்தியர்களோ ஒப்புக்கொள்ளத் தயங்கினார்கள். தாய்மார்களிடம் அறிவு இல்லை என்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். பின்னர் அவர் நம்மவர் பலர் குடியேறிய சிங்கப்பூருக்கு வந்தார். இனிப்பூட்டிய டப்பாப் பாலைச் சிசுக்களுக்கு உகந்ததென விற்பதைக் கண்டு, அது கொலைக்கு ஒப்பாகும் என்று 1939-இல் வியாபாரிகளும் பிரமுகர்களும் கூடிய சபையிலேயே கண்டித்துப் பேசினார்.

நம் நாட்டில் இவ்வாராய்ச்சி நடந்த இடம் குன்னூர். அங்கிருந்த போஷாக்கு ஆராய்ச்சி நிலையம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. சேலத்தில் பிறந்தவரான டாக்டர் சி. கோபாலன் அந்நிலையத்தின் தலைவராயிருந்த காலத்தில், உலகமெங்கும் புரதம், புரதம் என்று பேச்சாயிருந்தது. விலையுயர்ந்த புரதப் பொடிகளைக் கண்டுபிடிக்க நாடுகள் போட்டியிட்டன. நம் ஏழைக் குழந்தைகளுக்கு முதற்குறை ஆகாரத்தின் அளவிலேயே இருக்கிறது என்றும், அவர்கள் உண்ணும் அதே சோறு பருப்பைப் போதிய அளவு உண்டால் பெரும்பகுதிக் குறை தீரும் என்றும் கோபாலன் எடுத்துக் காட்டினார். டப்பாவை நோக்கி ஓடுபவர்களுக்கு இது இன்றும் கசப்பான செய்திதான்.

நமது ஜில்லாவுக்கு இவ்விஷயத்தில் ஒரு நேரடி அனுபவமும் உண்டு. உலக வங்கியின் உதவியுடன் 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு ஜில்லாக்களுள் புதுக்கோட்டையும் ஒன்று. அதற்கு முன் நடந்த ஆராய்ச்சியில், பள்ளிக்கூடங்களிலும் கூடங்களிலும் சோறு போடும் திட்டங்கள் மூன்று வயதுக்குட்பட்டவர்களை எட்டவே இல்லை என்று தெரியவந்தது. நடக்கத் தெரியாத குழந்தை சாப்பாட்டு வரிசையில் எப்படி வந்து நிற்கும்? ஆகவே இத்திட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். எடை ஏறியதும் நிறுத்தினார்கள். தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த அவ்வுருண்டையைப் பல கிராமங்களில் உள்ளூர்ப் பெண்கள் குழுவாகக் கூடித் தயாரித்தார்கள். எடை போடும் ஊழியரும் அவ்வூர்ப் பெண்ணே. அவரைத் தேர்ந்தெடுக்கையில், தன் பிள்ளைகளை நன்கு வளர்த்திருக்கும் ஏழைத் தாயாக இருப்பது நலம் என்று கருதினார்கள். இவ்விதியை வகுத்தவர் எவராயினும் அவர் விவேகி. அதே குடிசையில், அதே கூலியில், ஒருத்தியின் பிள்ளை தேறி நிற்கிறதென்றால், அவளிடம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. கடுமையான மெலிவு அத்திட்டப் பகுதிகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. மிதமான குறைவு அத்தனை விரைவில் நீங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இது நிற்க. அறிவும் இருக்கிறது, திட்டமும் வந்து போயிற்று. பின் ஏன் கிண்ணம் நீர்த்தே இருக்கிறது? தறி வீட்டுக்குள் சென்று பார்த்தால் விடை கிடைக்கும். கணவன் தறியில் அமர்ந்திருக்கிறான். மனைவி ராட்டையில் தார் சுற்றுகிறாள். தார் தீர்ந்தால் தறி நிற்கும். பாவு ஓட்டும் நாளில் இருவரும் வெளியே நிற்க வேண்டும். குழந்தைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறையும், ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நான்கு முறையும் ஊட்ட வேண்டும் என்று சுவரொட்டி சொல்கிறது. ஒரு வேளை ஊட்டுவதற்கு அரை மணி. அந்த அரை மணிக்குத் தார் யார் சுற்றுவது? கடலை அறுவடைக் காலத்திலோ, விடியுமுன் சென்று பொழுது சாய்ந்து திரும்பும் தாய்க்கு ஒரு வேளையும் கிடையாது. ஆலங்குடிப் பக்கத்துக் கடலைக் கொல்லையிலும், வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பூந்தோட்டத்திலும் நிலைமை வேறல்ல.

சம்பளம் பெறும் உத்தியோகப் பெண்களுக்குச் சட்டப்படி 26 வாரம் பிரசவ விடுப்பு. அது 2017-இல் ஏற்பட்டது. நெசவாளப் பெண்ணுக்கும் கூலிப் பெண்ணுக்கும் விடுப்பு கொடுப்பவர் யார்? நமது ஊரில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் சர்க்கார் அளிக்கும் மகப்பேறு உதவி 2018 முதல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது நல்ல காரியம். ஆயினும் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்து, கையால் ஊட்டும் வேலை தொடங்கும் சமயத்திலேயே, பெரும்பாலான வீடுகளில் அப்பணம் கரைந்து, தாய் வேலைக்குத் திரும்பி விடுகிறாள். தாயின் நேரம் அதிகமாக வேண்டிய மாதமும் அது அடியோடு இல்லாமற்போகும் மாதமும் ஒன்றாக வருகின்றன. வேலையிடங்களில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தால் அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணைக் கூலியோடு நியமிக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் விதித்திருந்தார்கள். விதி நல்ல விதிதான். அது நடைமுறையில் இருந்த வேலையிடங்களை எண்ணக் கைவிரல்கள் மிகுதி.

ஆகவே, இது சங்கத்தின் காரியமும் ஆகும் என்கிறேன். நெசவாளர் சங்கத்தில் பங்கு கணவன் பெயரில். கூலிச் சீட்டு கணவன் பெயரில். தார் சுற்றியவள் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. கணக்கில் இல்லாத உழைப்புக்கு ஓய்வு கேட்க எவருக்கும் வாய் வராது. குழந்தைக்கு ஆறாவது மாதம் தொடங்கி ஒரு வயது நிறையும் வரை, அந்த வீட்டுக்குச் சுற்றிய தாரையே கொடுப்பதற்குச் சங்கம் ஏற்பாடு செய்தால் என்ன? சுற்றுவதற்கு ஊரில் வயதான பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். செலவை ஆதாயத்தில் பொது நலத்துக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து ஏற்கலாம். அத்தொகை சில இடங்களில் விழாப் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் செலவாகி வருவதை அங்கத்தினர் அறிவர்.

"சங்கமே குழந்தை உணவு தயாரித்து விற்கலாமே" என்று உற்சாகமுள்ளவர் சிலர் சொல்லக் கூடும். இதில் சற்று நிதானம் வேண்டும். கூட்டுறவுக்கும் குழந்தை உணவுக்கும் பழைய உறவு உண்டு. எருமைப் பாலிலிருந்து குழந்தைப் பால்மாவு செய்யும் முறையை மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களில் கண்டதும், அதனை ஆனந்த் நகரத்துக் கெய்ரா ஜில்லாப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு யூனியன் பெருமளவில் தயாரித்ததும், இறக்குமதி டப்பாக்களை ஒழித்த வெற்றியாக அன்று கொண்டாடப்பட்டன. பால்மாவு வீட்டுக்கு வீடு பரவினால் தாய்ப்பால் குறையும் என்ற கவலை பின்னரே வலுத்தது. 1992-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால்மாவு, புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றுக்கு விளம்பரம் செய்வது குற்றம். கூட்டுறவுச் சங்கம் என்பதனால் விலக்கு இல்லை, இருக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் அங்கன்வாடிகளுக்கான சத்துமாவுத் தயாரிப்பில் மகளிர் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் நெடுங்காலமாக ஈடுபட்டுள்ளன. அம்மாவு பல வீடுகளில் பெரியவர்களுக்கும் பங்காகி விடுகிறது. குழந்தைக்கு எட்டும்படி பார்த்துக் கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

நாம் செய்யத்தக்கது வேறு. நமது பண்டகசாலையில் குழந்தைக்கான தானியங்களைச் சுத்தம் செய்து, தனித்தனியாக, அடக்க விலைக்கு வைக்கலாம். அரைப்பதும் கலப்பதும் வீட்டிலேயே நடக்கட்டும். ஹைதராபாத் நிலையத்தார் வகுத்த ஒரு கலவை மிக எளியது: வறுத்த கோதுமை 40 கிராம், வறுத்த கடலைப் பருப்பு 16 கிராம், வறுத்த நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். இதில் 330 கலோரியும் 11 கிராம் புரதமும் கிடைக்கின்றன. கோதுமைக்குப் பதில் நமது கேழ்வரகை இடலாம். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்துத் துணியில் கட்டி முளைவிடச் செய்து, வெயிலில் காயவைத்து, இளவறுப்பாக வறுத்து அரைத்து வைத்துக் கொள்ள வேண்டும். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அம்மாவில் ஒரு கரண்டி கலந்தால் சில நிமிஷத்தில் கஞ்சி இளகி விடும், சத்து குறையாது. பின் ஒரு கொதி விட்டு ஊட்டலாம். முளையில் உண்டாகும் ஒரு பொருள் மாவைக் கரைத்து விடுவதே காரணம். கருக வறுத்தால் அப்பண்பு அழிந்து போகும். 1980-களில் பரோடாப் பல்கலைக்கழகத்தார் இதனை விரிவாக ஆராய்ந்தனர். நம் பாட்டிமார் முளைகட்டிய கேழ்வரகுக் கூழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்ததை அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்றும் சொல்லலாம்.

நிலக்கடலையைப் பற்றிப் பயிரிடும் அங்கத்தினருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை படர்ந்து நஞ்சு ஊறியிருந்தது பின்னர் தெரிந்தது. அப்ளாடாக்ஸின் என்று அதற்குப் பெயரிட்டனர். ஈரலைத் தாக்கும் அந்நஞ்சு காய்ச்சினாலும் வறுத்தாலும் முற்றும் போவதில்லை. அறுவடையில் மழை பிடித்து, காயாமல் குவித்த கடலையிலும், ஓடு வெடித்த, சுருங்கிய பருப்பிலும் அது மிகுதி. நம் வீடுகளில் நல்ல பருப்பு மண்டிக்குப் போகிறது. சொத்தையும் சுருங்கலும் வீட்டுச் செலவுக்கு நிற்கிறது. வீட்டுச் செலவில் குழந்தையின் கஞ்சியும் அடக்கம். குலுக்கினால் பருப்பு ஓட்டுக்குள் சலசலக்கும் வரை காயவைத்த கடலையில், முதல் இரண்டு படியைப் பொறுக்கிக் குழந்தைக்கென எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை மண்டிக்கு அனுப்பும்படி வேண்டுகிறேன். குழந்தைக்கு எப்போதும் பொடித்தே கொடுக்க வேண்டும். முழுப் பருப்பு மூச்சுக்குழலில் சிக்கும்.

அடுத்த பொதுப்பேரவைக்கு இவ்விஷயம் வருமாயின், அங்கத்தினர் தம் மனைவியையும் தாயையும் உடன் அழைத்து வர வேண்டும். பங்குத்தொகை கட்டாதவர் பேரவையில் பேசலாமா என்று உபவிதியைப் புரட்டும் காரியதரிசிகள் உண்டு. அழைப்பாளராகப் பேச உபவிதி தடை சொல்லாது. அதே நாளில் அவர்களுக்கும் ஒவ்வொரு பங்கு எழுதி வாங்கிவிட்டால் அந்தக் கேள்வியும் எழாது. சுற்றிய தாரைக் கொடுக்கும் ஏற்பாட்டை முதலில் ஆறு மாதத்துக்கு மட்டும், ஒன்றிரண்டு சங்கங்களில் நடத்திப் பார்க்கலாம். பண்டகசாலைத் தராசில் ஒரு கூடையைக் கட்டி மாதம் ஒரு முறை குழந்தைகளை எடை போட்டு, எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தால், ஏற்பாடு பயன்பட்டதா என்பதை வேறு எவரையும் கேட்க வேண்டியிராது.